முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு: வீடு யாருக்காகத் தேடுகிறீர்கள்?

தண்ணீரூற்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவருக்கு வவுனியாக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, இடமாற்றம். மூத்தவனுக்கு நாலு வயது, இளையவளுக்கு எட்டு மாதம், கூடவே மாமியும் வருகிறார். எந்தப் பக்கம் வீடு எடுப்பது, டவுணுக்குள்ளேயா கொஞ்சம் வெளியேயா, ஊர் பழக எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: மாமிக்கு வர மனமேயில்லை, வந்தால் கோழிகளோடுதான் வருவாராம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு வவுனியா என்பது பஸ் தேத்தண்ணிக்கு நிற்கிற இடம். வன்னிக்குள்ளிருந்து வருகிற எங்களுக்கு இதுதான் பட்டணம். நானும் அப்படி வந்தவள்தான். ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊர். 1998இல் வந்தபோது இடம் தேர்வு செய்கிற பேச்சே கிடையாது. பாஸ் என்கிற தங்கும் அனுமதி இருந்தால் இருக்கலாம், அதன் காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், பிணை நிற்க இங்கே ஒரு ஆள் வேண்டும். எங்கே இடம் கொடுத்தார்களோ அங்கே படுத்தோம். பிறகு இங்கேயே குடும்பநல உத்தியோகத்தராக வேலை கிடைத்து, இருபது வருடத்துக்கு மேல் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தேன். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி. கர்ப்பிணி இருக்கிற வீடு, கைப்பிள்ளை இருக்கிற வீடு என்று உள்ளே போய் இருந்து, கிணற்றைப் பார்த்து, அடுப்படியைப் பார்த்து வந்தவள் என்பதால் சில விஷயம் தெரியும்.

முதலில் ஒன்று. உங்கள் கேள்வியில் கணவரின் கந்தோருக்கு எது கிட்ட என்பது இரண்டு தரம் வருகிறது. அதை விட்டுவிடுங்கள். வவுனியாவில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஆம்பிளைக்குத் தூரம் என்று ஒன்று இல்லை. நெளுக்குளத்திலிருந்து வந்தாலும் கோவில்குளத்திலிருந்து வந்தாலும் நேரத்துக்குக் கையெழுத்து வைப்பார். வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போகிறவர் யார்? நீங்களும் மாமியும் கைப்பிள்ளையும். மாமிக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது. அவர் காலால் நடந்து போய் வரக்கூடிய தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கோயில், ஒரு மரக்கறிக் கடை, மறித்தால் நிற்கிற பஸ், பேசுவதற்கு ஒரு முற்றம். இந்த நாலும் இருக்கிற இடம்தான் உங்களுக்கு நல்ல ஏரியா. ஓட்டோ பிடித்துத்தான் எங்கேயும் போக வேண்டும் என்ற வீட்டில் வயதானவர்கள் ஆறு மாதத்தில் நோயாளியாவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பிரஷர் கூடியிருக்கும், காரணம் கேட்டால் "ஒண்டுமில்லைப் பிள்ளை, சும்மா இருக்கிறன்" என்பார்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் வருத்தம்.

இனித் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் தண்ணீரூற்று ஆக்கள். ஊரின் பெயரே ஊற்று. கிணற்றில் வாளியை விட்டால் இளநீர் மாதிரித் தண்ணீர் வரும் என்று பழகியவர்கள். வவுனியா அப்படி இல்லை. இங்கே மண்ணுக்குக் கீழே கருங்கல். சுண்ணாம்புக்கல்லோ மணலோ உள்ள இடம் மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைக்காது. கல்வெடிப்புக்குள் தேங்கினதுதான் கிணற்றுக்கு வரும். ஆடி ஆவணியில் பல கிணறு அடி தெரியும். தண்ணீரும் கடினம். சிறுநீரக நோய் இந்த மாவட்டத்தில் இருக்கிற பெரிய துன்பம். அதற்கு இன்னதுதான் காரணம் என்று ஒரே முடிவு வரவில்லை என்றாலும், குடிதண்ணீரில் கவனமாக இருக்கச் சொல்லித்தான் நாங்கள் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தோம்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது ஒரு வெறும் போத்தல் கொண்டு போங்கள். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வந்து, அதில் பருப்பு அவியப் போடுங்கள். கடினத் தண்ணீரில் பருப்பு கரையாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் மணி மணியாக நிற்கும். சவர்க்காரம் நுரைக்காது. அந்த வீட்டுக் கேத்தலைத் திறந்து பார்க்க விட்டால் இன்னும் நல்லது, உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் அது போதும் சாட்சி. மாமியைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு வாய் குடித்துவிட்டே சொல்லிவிடுவார். பிறகு டவுண் குழாய்த் தண்ணீர் அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பேராறு நீர்த்தேக்கத்திலிருந்து நீர் வழங்கல் சபை கொண்டு வருகிற தண்ணீர் அது. "வீதிக்கு வந்திட்டுது" என்பது வேறு, "வீட்டுக்குள் மீற்றர் இருக்கிறது" என்பது வேறு. மீற்றரைக் கண்ணால் பாருங்கள். குழாய் இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெஷினில் சுத்திகரித்த தண்ணீர், விற்கிற இடம் எவ்வளவு தூரம், கான் தூக்கிவருவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். கைப்பிள்ளைக்குக் கூழ் காய்ச்சத் தொடங்கியிருக்கிற நேரம் இது.

கிணறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐம்பது அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது நாங்கள் சொல்கிற கணக்கு. டவுணுக்குள் இப்போது ஒரு பரப்புத் துண்டுகளாகக் காணி பிரித்திருக்கிறார்கள். ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச், சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் ஐம்பத்திரண்டு அடி. அதற்குள் வீடு, கிணறு, குழி மூன்றையும் வைத்து ஐம்பதடி எப்படி விடுவது? ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் குழியும் வைத்தால் ஒருமாதிரிச் சரிவரும். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் தன் குழியை உங்கள் கிணற்றோடு ஒட்டி வெட்டியிருப்பார். எட்டிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது மழை. இங்கே இடப்பெயர்களைக் கவனித்திருப்பீர்கள்: வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், உக்குளாங்குளம், கோவில்குளம், இறம்பைக்குளம், தாண்டிக்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம். குருமன்காடு, தோணிக்கல், பூந்தோட்டம் என்று சிலதுதான் குளத்திலிருந்து தப்பிய பெயர்கள். வெறும் பெயரில்லை. குளங்களை ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடுத்து அமைத்த நிலம் இது. மேல்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் கீழ்குளத்துக்கு வரும். அந்த வாய்க்கால் போன வழியில் இப்போது வீடுகள் இருக்கின்றன. ஆகவே எந்தக் குளம் என்பதைவிட, குளத்துக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அணைக்கட்டுக்குக் கீழே வயலாக இருந்த காணியா, குளத்தின் உள்ளே தண்ணீர் நின்ற பக்கத்தில் நிரப்பின காணியா, மேட்டுக் காணியா?

இதைக் கேட்காமல் நான் பட்டிருக்கிறேன். இரண்டாவதாக நாங்கள் இருந்த வாடகை வீடு ஆனியில் பார்த்தபோது அருமையான வீடு. காற்று, நிழல், புதுப் பெயின்ற். கார்த்திகையில் மலசலகூடத்தால் தண்ணீர் மேலே வந்தது. வீட்டுக்காரருக்குப் போன் அடித்தால், "அது ஒவ்வொரு வருசமும் இரண்டு நாள் வரும் அக்கா, வடிஞ்சிடும்" என்றார். இரண்டு நாள் வரும் என்பதை வாடகை பேசும்போது சொல்லியிருக்கலாம். மதிலின் அடியில் ஒரு பழுப்புக் கோடு இருந்ததை நான் பார்த்தேன், பெயின்ற் வித்தியாசம் என்று நினைத்துவிட்டேன். இப்போது யாருக்கு வீடு பார்க்கப் போனாலும் முதலில் மதில் அடியைத்தான் பார்ப்பேன். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்துக் கடையில் ஒரு சோடா குடித்துக்கொண்டு கேளுங்கள்: 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது இந்த ஒழுங்கையில் தண்ணீர் எதுவரை வந்தது? கடைக்காரர் கையால் உயரம் காட்டுவார்.

சரி, இப்போது நீங்கள் எதிர்பார்த்த ஏரியாக் கதை.

வைரவபுளியங்குளமும் குருமன்காடும் எல்லோரும் முதலில் சொல்கிற இடங்கள். ரயில் நிலையம் கிட்ட, ஆஸ்பத்திரியும் தூரமில்லை, கடைகள் இருக்கின்றன. ரியூசன் முழுக்க அந்தப் பக்கம்தான். பின்னேரத்தில் சைக்கிளும் ஸ்கூட்டியுமாக வீதி நிறைந்துவிடும். வாடகையும் அதற்கேற்றபடி. ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளை இருந்தால் அங்கே போகச் சொல்லியிருப்பேன். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

இறம்பைக்குளமும் கோவில்குளமும் கிழக்குப் பக்கம். இறம்பைக்குளத்தில் அந்தோனியார் கோவில், மகளிர் மகா வித்தியாலயம். கோவில்குளத்தில் சிவன் கோவில், இந்துக் கல்லூரி. மாமி கோவிலுக்குப் போகிறவர் என்றால் கோவில்குளத்தை என் மனம் சொல்கிறது. விடியப் பூசைக்கு நடந்து போய், வரும்போது கீரை வாங்கிக்கொண்டு வரலாம். பண்டாரிகுளம், தோணிக்கல், உக்குளாங்குளம் பக்கம் குடும்பங்கள் நெருங்கி இருக்கிற இடம். விபுலானந்தாக் கல்லூரி பண்டாரிகுளத்தில். இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை ஊர் வாசம் இன்னும் இருக்கிறது, வேலிக்கு மேலால் கறி கை மாறும். எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் கூடப் புகழ்கிறேனோ தெரியாது.

மன்னார் வீதியால் வெளியே போனால் பட்டாணிச்சூர், வேப்பங்குளம், நெளுக்குளம். பட்டாணிச்சூர் முஸ்லிம் மக்களின் பழைய ஊர். நெளுக்குளத்தில் காணி விசாலம், வாடகை குறையும், கலைமகள் மகா வித்தியாலயம் இருக்கிறது. அதற்கும் அப்பால் பம்பைமடுவில் பல்கலைக்கழகம். முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமானது. அதனால் அந்த வழியில் அறை வாடகைக்குக் கொடுக்கிற பழக்கமும் கூடிவிட்டது. பூந்தோட்டத்தில் கல்வியியற் கல்லூரி. அந்தப் பெயரைக் கேட்டால் வயதானவர்களுக்கு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த முகாம்தான் ஞாபகம் வரும். உங்கள் மாமிக்கும் வரலாம். வவுனியா என்றாலே அந்தத் தலைமுறைக்குப் பாஸ், முகாம், 2009இல் யுத்தம் முடிந்தபோது மெனிக் பாம் என்கிற பெரிய முகாம். அவருக்கு வர மனமில்லாததில் கோழி மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

வார இறுதியில் ஊருக்கு ஓடப்போகிறீர்கள் என்பதால் பஸ்ஸையும் நினையுங்கள். முல்லைத்தீவு பஸ் ஏ9 வீதியால் வடக்கே போய்த்தான் திரும்பும், புளியங்குளத்தால் நெடுங்கேணிக்கு, அல்லது மாங்குளத்தால் ஒட்டுசுட்டானுக்கு. இரண்டு பிள்ளை, இரண்டு பை, ஒரு மாமியோடு இரண்டு இடத்தில் ஏறி இறங்குவது பெரிய வேலை. ஏ9க்குக் கிட்ட வீடு இருந்தால் அந்தக் கரைச்சல் குறையும்.

மூத்தவனின் பள்ளிக்கூட விஷயம் நீங்கள் நினைப்பதைவிட அவசரம். முதலாம் தரத்துக்கு எடுக்கும்போது கிட்ட இருப்பவர்களுக்குத்தான் பெரும் பங்கு. அதை வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது, வீட்டுக்கு என்ன ஆவணம் இருக்கிறது என்று புள்ளி போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்கிற பள்ளிக்கூடத்தைவிடக் கிட்ட வேறு பள்ளிக்கூடம் இருந்தால் அதற்கும் புள்ளி வெட்டுவார்கள். நேற்று வந்தவர்களுக்கு இதில் புள்ளி குறைவு. ஆனால் அரச இடமாற்றத்தில் வருகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு ஒன்று உண்டு. கணவரின் இடமாற்றக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அந்த வருடத்துச் சுற்றறிக்கையை வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பெரிய பள்ளிக்கூடத்துக்காக வாடகை வீடு மாறுவதை நான் சொல்ல மாட்டேன். நடந்து போகிற பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டுப் பிறகு மாறின பிள்ளைகள் எத்தனையோ பேரைக் கைப்பிள்ளையாக நானே தராசில் நிறை பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வாடகைத் தொகை எழுத மாட்டேன், நீங்கள் வாசிக்க முன்னமே மாறிவிடும். ஒப்பந்தத்தை மட்டும் நோத்தாரிசிடம் எழுதுங்கள். வெறும் முத்திரையில் கையெழுத்து வைத்த தாள் பள்ளிக்கூடத்துக்கும் உதவாது, பிரச்சினை வந்தாலும் உதவாது. முற்பணம் எப்போது, எதைக் கழித்துத் திருப்பித் தருவார் என்பது அதில் இருக்க வேண்டும். கரண்ட் மீற்றர் தனியா என்று பாருங்கள். முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் ஒரே மீற்றர் என்றால் இரண்டு குடும்பத்தின் அலகும் ஒன்றாகக் கூடி விலை கூடிய படிக்கு ஏறும். பாதிப் பாதி என்று நியாயமாகப் பிரித்தாலும் தனித்தனியாகக் கட்டுவதைவிட அதிகம் கட்டுவீர்கள்.

காணி வாங்குகிற யோசனை இருந்தால் முதல் வருடம் வேண்டாம். உறுதி எழுதின சொந்தக் காணியா, அரசு பெர்மிட்டில் கொடுத்த காணியா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகு வாங்குங்கள். காணி அபிவிருத்திச் சட்டத்தில் கொடுத்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. "எல்லாரும் இப்பிடித்தான் வாங்கினவை" என்று சொல்லி ஒரு எழுத்தை நீட்டுவார்கள். எல்லோரும் அப்படி வாங்கித்தான் எல்லோரும் கச்சேரிக்கு நடக்கிறார்கள்.

வந்த கிழமை செய்ய வேண்டியது: ஊர் விதானையிடம் கடிதம் வாங்கி வந்து இங்கே கிராம அலுவலரிடம் பதியுங்கள். அதே கிழமை சின்னவளின் வளர்ச்சிப் புத்தகத்தோடு கிட்ட உள்ள கிளினிக்குக்குப் போங்கள். ஒன்பதாம் மாத ஊசி வரப்போகிறது, ஊர்ப் புத்தகம் இங்கே செல்லும். அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் உங்கள் வீட்டுக்கு வருவார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து ஒரு பத்து நிமிடம் கதையுங்கள். எந்தக் கடையில் கடன் புத்தகம் வைக்கலாம், எந்த முன்பள்ளியில் பிள்ளையை அடிக்க மாட்டார்கள், எந்த வீட்டு நாய் கடிக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும். என் தொழில்காரரைப் பற்றி நானே பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பழக எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். உங்களுக்கு மூன்று மாதம், மாமிக்கு ஒரு வருடம் என்று வையுங்கள். ஊரில் வளவுக்கு வேலி, வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டு. இங்கே மதிலும் கேற்றும். கேற்றைப் பகலில் திறந்து வையுங்கள். ஒழுங்கையில் செத்தவீடு நடந்தால், முகம் தெரியாதவர் என்றாலும் போங்கள். கலியாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும், செத்தவீட்டுக்கு வேண்டாம். எங்களை அந்த ஒழுங்கை ஆக்களாக்கினது அப்படி ஒரு செத்தவீடுதான். இரண்டு இரவு கோப்பை கழுவினேன். மூன்றாம் நாள் மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா கேட்டு வந்தார்கள். சந்தா கேட்டு வந்துவிட்டால் நீங்கள் அந்த ஊர்தான். மாதர் சங்கக் கூட்டம் இருந்தால் மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் மாதத்திலேயே குழுக் கடனுக்கு ஆள் சேர்க்க ஒருவர் வருவார், சிரித்த முகமாகத்தான் வருவார், கையெழுத்து வைக்காதீர்கள்.

கோழி. நாலைந்து பேடு கொண்டு வரலாம், அடைக்கக் கூடு இருக்க வேண்டும். கீரி, நாய், பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தி மூன்றும் இங்கேயும் உண்டு. முன்கூட்டியே பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு, முதல் முட்டைகளை அங்கே கொடுத்து விடச் சொல்லுங்கள் மாமியை. சேவலை ஊரிலேயே யாரிடமாவது விட்டு வாருங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கட்டாயம் ஒரு ஏ.எல். பிள்ளை இரவு இரண்டு மணி வரை படித்துவிட்டு அப்போதுதான் படுத்திருக்கும்.